பச்சைக்குழந்தைக்கு மஞ்சள் காமாலை: வெயில் போதுமா, லைட்டில் வைக்க வேண்டுமா?

கேள்வி: தூத்துக்குடி அம்மா
என் மகன் 36 வாரத்தில் பிறந்தான். இன்று நான்காம் நாள். முகம், நெஞ்செல்லாம் மஞ்சள். ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சளாக்கும் நிறப்பொருள்) 17. என் ரத்தம் ஓ, அவனுக்கு ஏ. டாக்டர் லைட்டில் வைக்கச் சொல்கிறார். மாமியார், "காலை வெயில் காட்டினால் போதும், ஒரு சங்கு கழுதைப்பால் கொடு" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: மலர் அக்கா (பச்சிளங்குழந்தைப் பிரிவு நர்ஸ்)
தங்கச்சி, லைட்டில் வைத்துவிடுங்கம்மா. பச்சைக்குழந்தைக்குச் சிவப்பணுக்கள் வேகமாக உடையும். அதில் வரும் பிலிருபினை வெளியேற்ற ஈரலுக்குத் தெம்பு போதாது. நிறைமாதக் குழந்தை பலருக்கு இரண்டு வாரத்தில் தானாக வடிந்துவிடும். உங்கள் பையன் குறைமாதம், கூடவே அவன் ரத்தமும் உங்கள் ரத்தத்தோடு சேரவில்லை. மளமளவென ஏறலாம். ரொம்ப ஏறினால் மூளையில் படிந்து, காது கேளாமல் போகும், கைகால் அசைவும் கெடும்.

மாமியாரைக் கோபிக்காதீர்கள். 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற நர்ஸ் குழந்தைகளை வெயிலுக்குத் தூக்கிப்போவார். வெயில் பட்ட தோலில் மஞ்சள் வெளுத்திருப்பதை டாக்டர்களுக்குக் காட்டியவர் அவர்தான். அதிலிருந்துதான் லைட் சிகிச்சையே பிறந்தது, 1958இல் கட்டுரையாக வந்தது. ஒரு நர்ஸின் கண்ணில் பட்டது என்பதில் எனக்குத் தனிப் பெருமை. வெயிலில் வேலை செய்வது அதிலுள்ள நீல ஒளி. லைட்டில் அது வேண்டிய அளவுக்கு, விடாமல் கிடைக்கும். வெயிலில் போட்டால் பிஞ்சுத் தோல் வெந்துபோகும், உடம்பில் நீர் வற்றும். 17க்கு அதை நம்பி உட்காரக் கூடாது.

கழுதைப்பால், சீனித்தண்ணீர் எதுவும் வேண்டாம். தாய்ப்பால் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுங்கள். மலம் போகப் போகத்தான் மஞ்சள் வெளியேறும்.

பதில்: இரட்டையர் அம்மா
என் பிள்ளைகளையும் வைத்தார்கள். கண்ணைக் கட்டியிருந்ததைப் பார்த்து அழுதுவிட்டேன். கண்ணில் ஒளி படாமலிருக்கத்தான் அது. பாலுக்கு வெளியே எடுத்துத் தருவார்கள், பயப்படாதீர்கள்.

தூத்துக்குடி அம்மா
இப்போதுதான் வைத்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு எதைக் கவனிக்க வேண்டும் அக்கா?

மலர் அக்கா
லைட்டை நிறுத்திய பிறகு மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், சேராத ரத்தம் உள்ள குழந்தைகளுக்குத் திரும்ப ஏறுவதுண்டு. பால் குடிக்காமல் அசந்து தூங்கினால் உடனே தூக்கிக்கொண்டு போங்கள். அப்புறம் மலத்தின் நிறம். கடுகு மஞ்சளாக இருந்தால் நல்லது. சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் துணியில் கறை பிடித்தால் அன்றைக்கே காட்டுங்கள். பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான ஆபரேஷனை இரண்டு மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.