குழந்தையின் முதல் டர்ட் பைக் (மண் தடத்தில் ஓட்டும் வண்டி): மனத்தைவிட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

செம்மண்தடம்

மகளுக்கு ஆறு வயது. விற்பனையாளர் அவளை நேராக 110 சிசி வண்டியில் தூக்கி உட்கார வைத்தார். "வளர்கிற பிள்ளை சார், சின்னது வாங்கினால் அடுத்த வருடமே மாற்ற வேண்டும்" என்ற வழக்கமான பாட்டு. இருக்கை உயரம் 65 சென்டிமீட்டருக்கு மேல். அவளுக்குப் பெருவிரல் நுனி மட்டும் தரையில் பட்டது, அதுவும் ஒரு பக்கம். அவர் பின்னால் பிடித்திருந்த கையைச் சற்றுத் தளர்த்தியதும் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அவள் கத்தவில்லை. இரண்டு முழங்காலாலும் டேங்கை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கொஞ்சம் பயந்த சுபாவம் போலிருக்கிறது" என்று அவள் காதுபடவே சொன்னார் அவர்.

பக்கத்திலேயே யமஹா பிடபிள்யூ50 நின்றது. இருக்கை உயரம் 47.5 செ.மீ.தான். ஏறியதும் இரண்டு குதிகாலும் பதிந்தன. இரண்டு பிரேக்கும் சைக்கிளில் இருப்பதுபோல் கையிலேயே இருப்பதால், யாரும் சொல்லாமலே பிடித்துப் பார்த்தாள். அதையே வாங்கினோம், நன்றாக ஓட்டுகிறாள். ஆனால் இப்போதும் திடீரென்று, "நான் பயந்த சுபாவமா அப்பா?" என்று கேட்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த மனிதர்மீது எரிச்சல் வருகிறது.

கிரீஸ்கை

உயரம் மட்டும் பார்த்தால் போதாது. என் மைத்துனர் மகனுக்குக் கால் நன்றாகவே எட்டியது. ஆனால் வாங்கியது பந்தயத்துக்கென்றே செய்த 50 சிசி வண்டி. தண்ணீர்க் குளிர்விப்பு, டூ ஸ்ட்ரோக், ஆட்டோமேட்டிக் கிளட்ச். "50 சிசிதானே" என்றார் மைத்துனர். ஆக்சிலேட்டரைத் தொட்டதும் வண்டி பாய்ந்தது. பையனின் உடம்பு பின்னால் போனது, கை நீண்டது, நீண்ட கை இன்னும் முறுக்கியது. பயந்தால் கை இறுகும், இறுகினால் வேகம் ஏறும், உங்களுக்குத் தெரிந்ததுதான். வேலியோரம் விழுந்தான். விழுந்த பிறகும் வலது கை பிடியை விடவில்லை. பின் சக்கரம் மண்ணை வாரி இறைத்துக்கொண்டே சுற்றியது, எஞ்சின் அலறியது. ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சை அழுத்தி, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். காயம் ஒன்றுமில்லை. அந்த விரல்கள் எவ்வளவு இறுகியிருந்தன என்பதுதான் மறக்கவில்லை.

மேடுபள்ளம்

செம்மண்தடம், பிடபிள்யூ50 நல்ல வண்டிதான், 1981 முதல் ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் கியரே கிடையாது. பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாமல் வளர்ந்துவிடும். ஹோண்டா சிஆர்எஃப்50எஃப் எடுத்திருக்கலாம். மூன்று கியர், கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை, பின் பிரேக் காலில். இருக்கை சுமார் 55 செ.மீ. என் மகன் முதல் வாரத்திலேயே இரண்டாம் கியருக்குப் போனான், அவ்வளவுதான் என் கதை.

எது வாங்கினாலும் ஆக்சிலேட்டர் பிடிக்கு அருகே இருக்கும் கட்டுப்பாட்டுத் திருகைப் பாருங்கள். உள்ளே திருகத் திருக, பிடி முறுக்கும் அளவு குறையும். முதலில் வண்டி நடை வேகத்துக்குச் சற்றுமேல் போகும்படி வைத்து, திருகு நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்குங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம், ஓட்ட விடாதீர்கள். பிடியை முறுக்கி, கையை எடுத்தால் அது தானாகச் சட்டென்று திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினால் உள்ளே மண் புகுந்திருக்கிறது. செயின் வண்டியென்றால் செயினுக்கு உறை இருக்கிறதா, அதையும் பாருங்கள். சின்ன விரல்கள் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கிரீஸ்கை சொன்ன பையனுக்கும் திருகைச் சரிசெய்திருந்தால்...

கிரீஸ்கை

அந்த வண்டியில் திருகு இருந்ததா இல்லையா என்று கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். முறுக்கும் அளவைக் குறைக்கலாம் ஐயா, பந்தய எஞ்சினின் குணத்தை மாற்ற முடியாது.

இருபிள்ளைத்தாய்

எங்கள் வீட்டில் மின்சார வண்டி. பெடல் கிடையாது, முதலில் காலால் உந்தி ஓட்டப் பழகியபின் மின்சாரத்தைப் போட்டோம். கால் பழகியதால் சமநிலை பிரச்சினையே இல்லை. பிரச்சினை சத்தம் இல்லாததுதான். சின்னவன் இறங்கி, வண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தான். திரும்பி வந்து வலது பிடியைப் பற்றித் தூக்கினான். சுவிட்ச் அணையவில்லை. வண்டி அவன் கையிலிருந்து எழுந்து நின்று, தனியாக ஓடி, பெரியவள் காலருகே விழுந்தது. அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஞ்சின் வண்டியென்றால் அந்த டபடப சத்தமே எச்சரித்திருக்கும்.

மண்வாசனை

மேடுபள்ளம், கியர் கியர் என்கிறீர்களே, பூட்ஸ் போட்டுப் பார்த்தீர்களா? என் மகள் செருப்புக் காலோடு அதே சிஆர்எஃப்50எஃப் வண்டியில் அழகாகக் கியர் மாற்றினாள். மண் தடப் பந்தயத்துக்கான தடித்த மோட்டோகிராஸ் பூட்ஸ் மாட்டியதும் அதன் நுனி கியர் லீவருக்கு அடியில் நுழையவே இல்லை. முதல் கியரிலேயே சுற்றிச் சுற்றி வந்தாள். ஹெல்மெட்டுக்குள் அழுகிறாள் என்பதே கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. போல்ட்டைத் தளர்த்தி, லீவரைக் கழற்றி, அது மாட்டும் தண்டின் பற்களில் ஒரு பல் மேலே தள்ளி மாட்டினேன். இப்போது நுழைகிறது, ஆனால் கீழ் கியருக்கு மிதிக்கக் காலை அதிகம் தூக்க வேண்டியிருக்கிறது. இதற்கு யாராவது வழி கண்டிருந்தால் சொல்லுங்கள்.