அப்பாரின் மடக்குக் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு மல்டிடூல் மட்டும் போதுமா?

சொட்டுநீர்க்காரன் (பொள்ளாச்சி):

வணக்கமுங்க. தென்னந்தோப்புகளுக்குச் சொட்டுநீர் போடுவதும், போட்டதைப் பழுதுபார்ப்பதும்தான் என் வேலை. பதினோரு வருடமாக என் பேன்ட்டின் வலது பையில் ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவுடைய அப்பா, சந்தையில் வாங்கியது. மாட்டுக்கொம்புப் பிடி, விரித்த அலகை மடங்காமல் பிடித்துக்கொள்ளும் லாக் கிடையாது. சாணை பிடித்துப் பிடித்து அலகு பாதியாகத் தேய்ந்துவிட்டது. இருந்தாலும் பதம் அப்படியே நிற்கும்.

போன தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் லெதர்மேன் வேவ் பிளஸ் என்கிற மல்டிடூல் ஒன்றைக் கையில் கொடுத்தார். குறடு, இரண்டு கத்தி, ரம்பம், அரம், கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சேர்த்து 18 வேலை செய்யும் என்று அட்டைப்பெட்டி சொல்கிறது. மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 241 கிராம். அப்பாரின் கத்தி 60கூட வரவில்லை.

இரண்டையும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். மனைவி, "இடுப்பில் பட்டறையே வைத்திருக்கிறீர்கள்" என்கிறாள். ஒன்றை வீட்டில் வைக்கலாம் என்றால் எதை வைப்பது என்று புரியவில்லை.

மல்டிடூல் பக்கம் என்ன நியாயம் என்றால், எனக்குக் குறடு ஓயாமல் தேவைப்படுகிறது. தண்ணீரைத் திறந்து மூடும் பால் வால்வு இறுகிப்போனால் திருப்ப, பைப் துளையில் மாட்டிய பழைய ரப்பர் வளையத்தை, அதாவது கிராமெட்டைப் பிடுங்க, கட்டுக்கம்பியை முறுக்க, ஃபில்டர் கிளாம்ப்பின் நட்டைத் தளர்த்த. முன்பெல்லாம் பல்லால் இழுத்தது, கல்லால் தட்டியது எல்லாம் உண்டு. இன்னொன்று, அப்பாரின் கத்தி இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு முறை என் ஆள்காட்டி விரல் மேலேயே மடங்கிவிட்டது. மூன்று தையல். மல்டிடூல் கத்தி விரித்தால் லாக் ஆகிவிடும், அந்தப் பயம் இல்லை.

கத்தி பக்கமும் நியாயம் உண்டு. மர வரிசையோரம் ஓடும் கிளைக்குழாயை, அதாவது 16 மில்லிமீட்டர் லேட்டரல் பைப்பை, நாற்பது ஐம்பது இடத்தில் தொடர்ந்து வெட்டும் நாளில் மல்டிடூலின் பிடி உள்ளங்கையில் குத்துகிறது. இந்த வகை எதை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும்போல. இரண்டு உலோகச் சட்டத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெட்டுகிற மாதிரி இருக்கிறது. வெட்டு நேராக விழவில்லை என்றால் கனெக்டரில் நீர் கசியும். அப்பாரின் கத்தியில் கண்ணை மூடிக்கொண்டு நேராக வெட்டுவேன்.

அப்புறம் போன வாரம் ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மதியச் சோற்றுக்கு மாங்காய் நறுக்க மல்டிடூலை எடுத்தேன். தோட்டத்து ஆத்தா மூக்கைச் சுளித்து, "அதுல பைப்பு நாத்தம் அடிக்குது சாமி, வேண்டாம்" என்று அரிவாள்மனையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

தினமும் மல்டிடூல் மட்டும் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்களா? தனிக் கத்தியைத் தேடுகிறதா, இல்லை மறந்தே போய்விட்டதா?

மதுரை வயர்மேன்:

தம்பி, நான் 26 வருடமாக வயரிங் பார்க்கிறேன். ஒன்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மல்டிடூலைக் கொண்டுபோய் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் விட்டுவிடாதீர்கள். தலை முதல் வால் வரை உலோகம். ஸ்டார்ட்டரில் இருப்பது 415 வோல்ட் மும்முனை. பிடியில் 1000 வோல்ட் என்று அச்சடித்த, உறை போட்ட கட்டிங் பிளேயர் எதற்காக விற்கிறார்கள்? "மெயினை இறக்கிவிட்டுத்தான் தொடுவேன் அண்ணே" என்பீர்கள். நீங்கள் இறக்கிய மெயினை, தண்ணீர் வரவில்லையே என்று எவனாவது வந்து ஏற்றுவான். தோட்டத்தில் அதுதான் நடக்கும்.

கேள்விக்கு வருகிறேன். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். 18 வேலை செய்யும் ஒரு பொருளில் நீங்கள் ஐந்தைக்கூடத் தொட மாட்டீர்கள். பையில் கத்தி, டூல்ஸ் பையில் நல்ல குறடு. அவ்வளவுதான் வேண்டும்.

சொட்டுநீர்க்காரன்:

ஸ்டார்ட்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி அண்ணே. ஒரு தடவை ஃபியூஸ் கேரியரை அதால் இழுக்கப் பார்த்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இனி கிடையாது. டெஸ்டரும் உறை போட்ட பிளேயரும் தனியாக வண்டியில் இருக்கும்.

ஆனால் அந்த டூல்ஸ் பைதான் சிக்கலே. வண்டி ரோட்டோரம் நிற்கும், நான் முப்பதாவது வரிசையில் நிற்பேன். தென்னைக்குத் தென்னை 25 அடி. கணக்குப் போடுங்கள், ஒரு நட்டுக்காக 750 அடி போய் 750 அடி வர வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து நிமிர்ந்து வேலை பார்க்க முடிவதில்லை. இடுப்பில் எது இருக்கிறதோ அதுதான் அங்கே டூல்ஸ்.

லண்டன் அண்ணை:

தம்பி, உங்களுக்கு 18 வேலை செய்யும் சாமானை இடுப்பில் கொழுவிக்கொண்டு திரிய முடிகிறது. நான் இங்கே அதே வேவை வாங்கி வீட்டு லாச்சியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பொது இடத்தில் காரணம் ஏதும் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய கத்தி என்றால், மடக்குக் கத்தியாக இருக்க வேண்டும், வெட்டும் வாய் 3 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. லாக் ஆகிற கத்தியை அந்த வகைக்குள் நீதிமன்றங்கள் சேர்ப்பதில்லை. வேவின் அலகு 2.9 அங்குலம். நீளத்தில் தப்பிவிட்டது, லாக்கில் மாட்டிவிட்டது. வேலைக்குக் கொண்டு போகிறேன் என்றால் அது காரணம்தான். சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமுக்கு மரக்கறி வாங்கப் போகையில் என்ன காரணம் சொல்வது?

அதனால் லாக் இல்லாத சின்ன சுவிஸ் கத்தி ஒன்றுதான் என்னிடம் எப்போதும். உங்கள் விரலை வெட்டியது லாக் இல்லாத கத்தி, என்னைக் காப்பாற்றுவதும் லாக் இல்லாத கத்தி. பகிடிதான். லாக் இல்லாத கத்தியால் குத்தித் துளைக்கிற வேலை மட்டும் செய்யாதீர்கள், அழுத்தம் திரும்பினால் மடங்கும். இழுத்து வெட்டுவதற்கு ஒன்றும் செய்யாது.

கத்திப்பைத்தியம்:

வயர்மேன் அண்ணன் மல்டிடூலைக் கத்திக்குப் போட்டியாகப் பார்க்கிறார். அது பிறந்த கதையே வேறு. டிம் லெதர்மேன் என்கிற அமெரிக்கர் 1975இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றப் போனார். கார் 300 டாலருக்கு வாங்கியது, வழியெல்லாம் மக்கர். அவர் பையில் மடக்குக் கத்தி இருந்தது. அதைக் கொண்டே எல்லாவற்றையும் சரிபார்க்கப் பார்த்தவருக்கு ஒரு குறடு மட்டும் இல்லையே என்று ஆகிவிட்டது. ஊர் திரும்பி வருடக்கணக்கில் மாதிரி செய்து பார்த்து, 1983இல்தான் முதல் மல்டிடூலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆக அவர் கையில் கத்தி ஏற்கெனவே இருந்தது, இல்லாதது குறடுதான். பொள்ளாச்சி நண்பரின் கதையும் இதேதானே?

வேவில் உள்ள அலகு 420ஹெச்சி எஃகு. பதம் சீக்கிரம் மங்கும், அதே வேகத்தில் கல்லில் ஏறவும் செய்யும். வெளிப்பக்கமாகவே இருப்பதால் குறடை விரிக்காமல் ஒரு கையால் திறக்கலாம், அது பெரிய வசதி. ஆனால் பிடி விஷயத்தில் தனிக் கத்தியை அடித்துக்கொள்ள முடியாது. என்னிடம் ஓப்பினெல் 8ஆம் நம்பர் இருக்கிறது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இலிருந்து செய்கிறார்கள். மரப்பிடி, 8.5 சென்டிமீட்டர் அலகு, 50 கிராம்கூடக் கனம் தெரியாது. பிடியின் கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் லாக். என்னுடையது கார்பன் எஃகு, மாங்காய் நறுக்கினால் கறுத்துப்போகும், எனக்கு அந்தக் கறுப்பு பிடிக்கும். ஆத்தாவுக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன்.

சாவிக்கொத்து (சென்னை):

எனக்குத் தோப்பும் இல்லை, துரவும் இல்லை, ஏசி அலுவலகம். ஆனாலும் சொல்கிறேன். 58 மில்லிமீட்டர் விக்டோரினாக்ஸ் கிளாசிக் என்கிற குட்டி சுவிஸ் கத்தி ஒன்று ஆறு வருடமாகச் சாவிக்கொத்தில் தொங்குகிறது. அதில் கத்தியை நான் தொடுவதே அபூர்வம். கத்தரிக்கோல்தான் தினமும்: பால் பாக்கெட், மாத்திரை அட்டை, பிள்ளையின் சட்டையில் தொங்கும் நூல். அதனால் "கத்தியா மல்டிடூலா" என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு நாளில் எதை எடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் பதில் தானாக வரும். எண்ணிப் பாருங்கள் அண்ணா.

இது இரண்டாவது கிளாசிக். முதலாவது சாவியோடு இருப்பதை மறந்து கைப்பையுடன் விமானம் ஏறப் போனபோது ஸ்கேனரில் நின்றுவிட்டது. பெரிய பெட்டி அதற்குள் பெல்ட்டில் போய்விட்டது. இரண்டு அங்குல அலகுகூட இல்லாத பொருளுக்காக அழுகை வருமா என்றால், வந்தது. கத்தியே இல்லாத மல்டிடூல்கூட உண்டு, லெதர்மேன் ஸ்டைல் பிஎஸ் அந்த ரகம். அடிக்கடி பறப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

சொட்டுநீர்க்காரன் (மூன்று வாரம் கழித்து):

சென்னைச் சகோதரி எண்ணச் சொன்னார், எண்ணினேன். சட்டைப்பையில் இருக்கும் அளவுக் குறிப்புச் சிட்டையின் கடைசிப் பக்கத்தில் ஆறு நாள் கோடு போட்டேன். குறடு 47 தடவை. கத்தி எண்ண முடியாத அளவு, ஆனால் அதில் பத்துக்கு ஒன்பது லேட்டரல் வெட்டுதான். ஸ்க்ரூ டிரைவர் 8. ரம்பம் 2, கிணற்றோரம் வேலிக்கொம்பு. கத்தரிக்கோல் ஒன்று, அதுவும் மூக்குமுடி. கேன் திறப்பான் பூஜ்ஜியம், வயர்மேன் அண்ணன் சிரிக்கட்டும்.

அந்தப் பத்துக்கு ஒன்பதுதான் யோசிக்க வைத்தது. லேட்டரலைக் கத்தியால் வெட்டுவது பழக்கமே தவிர, அது கத்தி வேலையே இல்லை. செடிக்கொப்பு கத்தரிக்கிற கத்தரி ஒன்றைப் புதிதாக வாங்கிப் பெல்ட்டில் செருகினேன். ஒரே அழுத்து, நேரான வெட்டு. உள்ளங்கை குத்தல் போச்சு. இத்தனை வருடம் இதைச் செய்யாததற்கு அப்பாரின் கத்தி மேல் இருந்த பாசம்தான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆக இடுப்பில் கத்தரியும் மல்டிடூலும். மல்டிடூலில் இருக்கும் கத்தி சாக்கு பிரிக்க, கயிறு அறுக்க, பைப் நுனியில் பிசிறு சீவ. அதற்குத் தாராளமாகப் போதும்.

ஒரு எச்சரிக்கை, என் தப்புதான். பாசனத் தண்ணீரில் உரம் கலந்துவிடும் வென்சுரியில் பொட்டாஷ் உரம் கரைத்து விட்ட அன்று அதே ஈரக்கையோடு மல்டிடூலை உறையில் செருகிவிட்டு இரண்டு நாள் எடுக்கவில்லை. குறடு மடங்கும் மூட்டில் பழுப்புப் புள்ளி. துருப்பிடிக்காத எஃகு என்றாலும் பொட்டாஷில் இருக்கும் குளோரைடு அதைத் தின்னும். வாய்க்கால் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளானால் பிசினாகிவிடும். தேங்காய் ஊர்க்காரன் சொல்கிறேன்.

மதுரை வயர்மேன்:

கேன் திறப்பான் பூஜ்ஜியத்துக்குச் சிரித்தேன். 750 அடிக் கணக்கையும் ஒப்புக்கொள்கிறேன். என் வேலையில் ஏணிக்குக் கீழேயே பை இருக்கும், அதனால் எனக்கு அது தோன்றவில்லை. சரி, அப்பாரின் கத்தி என்ன ஆச்சு?

சொட்டுநீர்க்காரன்:

சாப்பாட்டுத் தூக்கில் இருக்கிறது அண்ணே. புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, கல்லில் பதம் ஏற்றி, வெள்ளைத் துணியில் சுற்றி. இனி பைப், கயிறு எதையும் அது தொடாது. மாங்காய், வெள்ளரிக்காய், சில நாள் தேங்காய்ச் சில்லு.

நேற்று மறுபடி அதே ஆனைமலைத் தோட்டம். கத்தியை எடுத்து வைத்தேன். ஆத்தா கையில் வாங்கி, பிடியைத் தடவிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு மாங்காயை என் பக்கம் தள்ளினார். உப்பும் மிளகாய்த்தூளும் அவர்களே கொண்டுவந்தார்கள்.