டேபெஸ்ட்ரிக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

மு.தே. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மரச்சட்டமும் மலிவு நூலும் வைத்து வீட்டிலேயே டேபெஸ்ட்ரி (tapestry, நிற நூலால் படமாகவே நெய்யும் துணி) நெய்யக் கற்றுத்தரும் கையேடு, 24 பக்கம், தமிழாகிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும், ஞாயிறு வகுப்பு. முதல் வரைவில் "சித்திரத் திரைச்சீலை" என்று போட்டேன். மூன்றாம் பக்கத்திலேயே இடிக்கிறது. "8 அங்குலத் திரைச்சீலையை நெய்து பையின் முன்பக்கத்தில் தைக்கவும்" என்று வருகிறது. பையில் எதற்குத் திரைச்சீலை என்று கேட்பார்களே!

கார்ட்டூன் என்ற சொல்லும் தொல்லை தருகிறது. நெய்ய வேண்டிய படத்தை அதே அளவில் வரைந்து பாவுக்கு (சட்டத்தில் நெடுக்காகக் கட்டும் நூல்) பின்னால் கட்டும் தாளுக்கு அந்தத் தொழிலில் இதுதான் பெயர். தமிழில் கார்ட்டூன் என்றால் பத்திரிகைக் கேலிச்சித்திரம்தான் நினைவுக்கு வரும். இரண்டு நிறம் சேரும் இடத்தில் விழும் நீள இடைவெளிக்கும் ஒரு சொல் வேண்டும். உதவுங்கள்.

செ.இரா. எழுதியது:

அன்பின் மு.தே.,

புதிதாக ஏன் ஆக்க வேண்டும்? திரைக்குப் பழஞ்சொல்லான எழினி இருக்கிறதே. சிலம்பின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூவகை வருகின்றன. அதே இடத்தில் ஓவிய விதானமும் உண்டு. துணியும் ஓவியமும் சேர்ந்த பொருளுக்கு நமக்குப் பெயர்ப்பஞ்சம் இல்லை. "ஓவிய எழினி" என்க.

பொருநராற்றுப்படை "நோக்கு நுழைகல்லா நுண்மைய பூக்கனிந்து அரவுரி அன்ன அறுவை" என்கிறது (அறுவை என்றால் துணி). "பூக்கனிதல்" என்ற வினையைப் பாருங்கள். பூ துணியின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை, துணிக்குள்ளிருந்தே கனிந்து வருகிறது. இதைவிட நல்ல வேர் கிடைக்குமா?

க.வே. எழுதியது:

செ.இரா. ஐயா, பாட்டு அருமை. ஆனால் எழினி என்பது தொங்கவிட்டு மறைக்கும் பொருளின் பெயர். நமக்கு வேண்டியது ஒரு நெசவு முறையின் பெயர். மு.தே.யின் பைக்குத் திரைச்சீலை பொருந்தாதது போலவே எழினியும் பொருந்தாது.

முறை எது என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். சாதாரண வேட்டியில் பாவும், அதன் குறுக்கே ஓடும் நூலான ஊடையும் சரிபாதி தெரியும். டேபெஸ்ட்ரியில் பாவு கண்ணுக்கே தெரியாது, ஊடை அதை முழுக்க மூடிவிடும். அந்த ஊடையும் கரையிலிருந்து கரைக்கு ஓடாது. சிவப்புப் பகுதிக்கான ஊடை சிவப்புப் பகுதிக்குள்ளேயே போய்த் திரும்பும், நீலம் நீலத்துக்குள்ளேயே. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் டேபெஸ்ட்ரி.

சேலையில் தனி நூல் சேர்த்து நெய்யும் சிறு பூவான புட்டாவோடு இதைக் குழப்பக் கூடாது. புட்டாப் பூவின் நூலை உருவிவிட்டால் அடியில் துணி அப்படியே இருக்கும். டேபெஸ்ட்ரியில் பூவின் நூலை உருவினால் அந்த இடத்தில் வெறும் பாவுதான் மிஞ்சும். படமே துணி, துணியே படம்.

இங்கிலாந்தை நார்மானியர் வென்ற கதையைச் சொல்லும், பிரான்சின் பாயே (Bayeux) நகரத்துத் துணி ஏறக்குறைய 70 மீட்டர் நீளம். உலகமே அதை டேபெஸ்ட்ரி என்கிறது. அது லினன் துணிமேல் கம்பளி நூலால் போட்ட பூத்தையல். அதில் இந்த நெசவே கிடையாது. ஆங்கிலப் பெயர் செய்த பிழையைத் தமிழ்ப் பெயரும் சுமக்க வேண்டாம்.

காஷ்மீரின் கனி சால்வை, மகாராஷ்டிரத்துப் பைத்தணிச் சேலையின் முந்தானை எல்லாம் இந்தக் குடும்பம். நம் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா (ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை), இரண்டு கரைக்கு இரண்டு நாடா என மூன்று ஓடும். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். அங்கே பாவு மறைவதில்லை என்பதால் அது டேபெஸ்ட்ரி ஆகாது. ஆனால் இரண்டு ஊடை பூட்டிக்கொள்வதற்கு "கோர்வை" என்ற சொல் நம் நெசவாளரிடம் தயாராக இருக்கிறது. கையேட்டில் அந்த உத்தி வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கோர்வை என்று போடுங்கள்.

வேலை முழுக்க ஊடையில் நடப்பதால் என் பரிந்துரை "ஊடைச்சித்திரம்".

செ.இரா. எழுதியது:

க.வே. தம்பி, எழினியை விட்டுவிடுகிறேன். ஊடை என்ற சொல்லை எடுத்தீர்களே, அதற்கு நன்றி.

ஊடு என்றால் இடை, நடு. பாவின் ஊடே செல்வது ஊடை. ஊடல் என்பதும் இதே ஊடுதான் என்பது என் துணிபு. இருவருக்கு ஊடே ஒன்று நுழைவதால் ஊடல். "ஊடுதல் காமத்திற்கு இன்பம்" என்ற கடைசிக் குறளை நெசவாளர் படித்தால் வேறொன்றும் தோன்றும். பாவு விறைப்பாக நிற்கிறது. ஊடை முன்னும் பின்னும் வளைந்து அதனோடு பிணங்கிப் பிணங்கியே கூடுகிறது. அந்தப் பிணக்கு இல்லாவிட்டால் துணியே இல்லை. ஊடுருவு, ஊடறு, ஊடாட்டம் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக வைத்துப் பார்க்க வேண்டும். ஊடகம் என்று நாம் ஆக்கிய சொல்லும் இந்த வேரில் முளைத்ததே. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ப.நி. எழுதியது:

ஐயா, தனி மடலுக்குக் காத்திருக்கிறோம். இப்போது செவ்வாய் இரவு.

ஒரு யோசனை. சொல்லைத் தனியாக வைத்துத் தட்டிப் பார்ப்பதைவிட, வகுப்பில் சொல்லப்போகும் வாக்கியத்துக்குள் வைத்துப் பார்ப்போம். தொடக்கப் பாடத்தை அப்படியே எழுதுகிறேன். எந்தச் சொல் வாயில் இடறுகிறதோ அதைத் தள்ளிவிடலாம்.

உள்ளளவு 16 அங்குல உயரச் சட்டம். மேலும் கீழும் அங்குலத்துக்கு 3 ஆணி வீதம், 8 அங்குலத்துக்கு 24 ஆணி. ஒரே கோட்டில் அடித்தால் மரம் வெடிக்கும். ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக அடிக்கவும். ஒவ்வோர் ஆணியையும் நூல் சுற்றிவரும்போது இரண்டு இழை கிடைக்கும். ஆக அங்குலத்துக்கு 6, மொத்தம் 48 பாவிழை. 48 தரம் 16 அங்குலம், அதாவது 64 அடி. முடிச்சுக்கும் ஆணி வளைவுக்கும் சேர்த்து 70 அடி வெட்டிக்கொள்ளவும்.

பாவுக்கு முறுக்கேறிய பருத்தி நூல்தான், சுமார் 1 மில்லிமீட்டர் பருமன். கையில் பிடித்து இழுத்தால் நீளக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அக்ரிலிக் உல்லன் நூலைப் பாவாகக் கட்டினால், பாதி நெய்வதற்குள் தொய்ந்துவிடும்.

ஊடைக்கு அதே அக்ரிலிக் தாராளமாகப் போதும். இரண்டு இழை சேர்த்து 10 வரிசை நெய்து, முட்கரண்டியால் அடித்து இறக்கிப் பார்க்கவும். பாவு வெள்ளையாகப் பல்லிளித்தால் இழைகளைக் கூட்டாமல் முதலில் இன்னும் அழுத்தி அடித்துப் பார்க்கவும். அப்படியும் தெரிந்தால், நூலை இறுக்கிப் போடுகிறோம் என்று பொருள், வளைவைக் கூட்டவும். துணி 8 அங்குலத்தைத் தாண்டி விரிந்தால் ஊடை பருமன், ஓர் இழையைக் குறைக்கவும். வேறுவேறு நிறத்தில் மெல்லிய நூல்களைச் சேர்த்து ஓர் ஊடையாக்கினால் கடையில் கிடைக்காத நிறமெல்லாம் கிடைக்கும். மிச்ச நூல் தீர்வதும் இதில்தான். திருப்பூர் பனியன் துணிக் கழிவைக் கீற்றாக வெட்டியும் ஊடையாக்கலாம். ஆனால் அங்குலத்துக்கு 4 பாவுக்கு மேல் கட்டக் கூடாது, கீற்று உட்காராது.

எல்லோருக்கும் வரும் பிழை ஓரம் உள்வாங்குவது. ஊடையை நேராக இழுத்துப் போட்டால், அது ஒவ்வொரு பாவையும் சுற்றி வளைய நீளம் போதாமல் ஓரத்தை உள்ளே இழுக்கும். நூலை வில்லாக வளைத்துப் போட்டு, வில்லின் நடுவை முதலில் அமுக்கி, பிறகு இருபக்கமும் அடிக்க வேண்டும். அக்ரிலிக் இழுபடும் நூல் என்பதால் வில் இன்னும் தாராளமாக இருக்கட்டும். ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஸ்கேல் வைத்து அகலம் பார்க்கவும். கால் அங்குலம் குறைந்தால் அங்கேயே பிரித்துவிடவும். மேலே போய்ச் சரியாகாது. முடிந்ததும் இஸ்திரிப் பெட்டியை அக்ரிலிக் மேல் வைக்கவே கூடாது. உருகிப் பளபளப்பாகிவிடும்.

இப்போது பாருங்கள். பாவு, ஊடை, இழை, வில் எல்லாம் இயல்பாக ஓடுகின்றன. "இன்று நாம் ஊடைச்சித்திரம் நெய்யக் கற்போம்" என்றால் மட்டும் கேட்பவர் நின்றுவிடுவார். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஊடை எதுவென்றே பாடம் முடியும்போதுதான் தெரியும். தலைப்பில் டேபெஸ்ட்ரி என்றே இருக்கட்டுமே, என்ன குறைந்துவிடும்?

க.வே. எழுதியது:

ப.நி. அக்கா, பாடம் முடியும்போது தெரிந்தால் போதாதா? ஊடை தெரியாதவருக்கு டேபெஸ்ட்ரி மட்டும் தெரியுமா? இரண்டும் புதிது என்றால், உள்ளே திறந்து பார்க்க முடிகிற சொல்லைக் கொடுப்போமே. பாவும் ஊடையும் இன்றும் தறிக்காரர் வாயில் புழங்கும் சொற்கள். அவற்றையும் நாமே புரியாத சொற்களின் பட்டியலில் சேர்த்தால் அப்புறம் யார் பேசுவார்கள்?

த.அ. எழுதியது:

ஒரு நடுவழி: நெய்சித்திரம். நெய்த, நெய்கிற, நெய்யும் சித்திரம், வினைத்தொகை. நெய் என்பது எல்லோருக்கும் தெரிந்த வினை. குறுகியது, வினையாகவும் பெயராகவும் ஓடும்.

மு.தே. எழுதியது:

த.அ., பிடித்திருக்கிறது. நெய்யோவியம் என்றும் சொல்லலாமோ?

செ.இரா. எழுதியது:

கூடாது, கூடாது. எள்ளின் நெய்தான் எண்ணெய். நெய்யோவியம் என்றால் எண்ணெய் வண்ண ஓவியம் என்றே படிப்பார்கள்.

நெய்சித்திரம் ஏற்கத்தக்கது. ஒரே நிபந்தனை: வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய் என்கிறோம், ஊறுக்காய் என்பதில்லை. ஆகவே நெய்சித்திரம். இடையில் ச் போட்டு நெய்ச்சித்திரம் என்று எழுதினால் அது நெய்யால் ஆன சித்திரம்.

க.வே. எழுதியது:

ஐயா, என் பக்கத்து வாதத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரே ஒரு ஒற்றெழுத்தில் பொருள் நெசவிலிருந்து வெண்ணெய்க்குப் போகிறது என்றால் அந்தச் சொல்லை அச்சகத்தில் யார் காப்பாற்றுவது? மெய்ப்புப் பார்ப்பவர் சந்திப் பிழை என்று நினைத்து ச் சேர்ப்பார். ஊடைச்சித்திரத்தில் அந்த ஆபத்து இல்லை.

இன்னொன்று. நெய்சித்திரம் என்றால் நெய்த எந்தப் படமும் அதில் அடங்கும். புட்டாவும் நெய்ததுதான், ஜக்கார்டு தறியில் ஓட்டும் சாமிப் படமும் நெய்ததுதான். ஊடையால் பாவை மூடி ஆக்கியது என்ற வேறுபாடு எங்கே போயிற்று?

த.அ. எழுதியது:

சொல்லுக்குள் வரையறை முழுவதையும் திணிக்க முடியாது அண்ணா. நாற்காலி என்கிறோம். நாலு கால் உள்ள மேசையை யாரும் நாற்காலி என்று நினைப்பதில்லை.

ப.நி. எழுதியது:

புதன் மாலை ஆகிவிட்டது. இரண்டு சிறு சொற்களை முடிப்போம்.

கார்ட்டூனுக்கு "அடிவரை" என்று எழுதிப் பார்த்தேன். "அடிவரையைப் பாவுக்குப் பின்னால் நான்கு மூலையிலும் ஊசி குத்தி நிறுத்தவும்." இடறவில்லை.

அடுத்தது, பக்கத்துப் பக்கத்து ஊடைகள் எதிரெதிராக ஓடும் விதி. ஒரே வரிசையில் சிவப்பு இடமிருந்து வலம் வர, நீலம் வலமிருந்து இடம் வரும்; எல்லையில் இரண்டும் சந்திக்கும். அடுத்த வரிசையில் இரண்டும் தத்தம் பக்கம் திரும்பும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால், எல்லையை ஒரு பாவு நகர்த்தும்போது ஒரே வழியில் இரண்டு நூல் ஏறி மேடு தட்டும், அல்லது ஒரு பாவு மூடாமல் நிற்கும். பழகுபவர் பிரித்து நெய்வது பெரும்பாலும் இதனால்தான். ஆங்கிலத்தில் இதைச் சந்தி, பிரி என்றே சொல்கிறார்கள். தமிழில்?

செ.இரா. எழுதியது:

கூடல், ஊடல்! இரண்டு ஊடை எல்லையில் கூடும், அடுத்த வரிசையில் ஊடிப் பிரியும். "கூடல் வரிசை, ஊடல் வரிசை" என்று எண்ணிக்கொண்டே நெய்யலாம். என் தனி மடல் வீண்போகவில்லை.

ப.நி. எழுதியது:

ஐயா, இது உண்மையிலேயே வகுப்பில் நிற்கும். எண்ணுவதற்கும் வசதி. எடுத்துக்கொள்கிறேன்.

மு.தே. எழுதியது:

வியாழன் மாலை. இதுவரை எழுதியவர்களில் நெய்சித்திரத்துக்கு நான்கு பேர் (செ.இரா. ஐயா நிபந்தனையோடு, ப.நி. அக்கா, முதல் இடத்தில் மட்டும் "டேபெஸ்ட்ரி என்னும் நெய்சித்திரம்" என்று வர வேண்டும் என்கிறார்). ஊடைச்சித்திரத்துக்கு க.வே. அண்ணா. அட்டையில் நெய்சித்திரம் போகிறது, ச் இல்லாமல். அச்சகத்துக்குத் தனிக் குறிப்பும் எழுதிவிட்டேன். புட்டாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை, க.வே. அண்ணா சொன்ன நூலை உருவிப் பார்க்கும் சோதனையோடு இரண்டாம் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்.

17ஆம் பக்கத்தில் ஓர் இடம் இன்னும் காலி. இரண்டு நிறத்தின் எல்லை ஒரே பாவில் நேராக மேலே ஏறும்போது நடுவில் விழும் இடைவெளி. ஓர் அங்குலம்வரை அழகு. இரண்டைத் தாண்டினால் மாட்டியதும் வாய் பிளக்கும், பின்பக்கம் தைத்து மூட வேண்டும். பிளவு, கீற்று, சந்து மூன்றில் எது? கீற்று ஏற்கெனவே பனியன் துணிக்குப் போய்விட்டது. நாளை காலை 10 மணிக்குள் சொல்லுங்கள்.

க.வே. எழுதியது:

சந்து. பிளவு என்றால் கிழிந்துவிட்டது என்று பயந்து உடனே தைத்துவிடுவார்கள். வேண்டுமென்றே விடும் இடைவெளிக்கு அது ஆகாது.

அட்டையைப் பற்றி இனி பேசவில்லை. மறுபதிப்பு வந்தால் ஊடைச்சித்திரத்தை மீண்டும் எடுத்துக்கொண்டு வருவேன்.