ஆய்வேட்டில் நீண்ட மேற்கோள்: உங்கள் அனுபவம் என்ன?

மெய்ப்புத் திருத்துபவர்:
ஆய்வேடுகளைத் திருத்தும்போது நீண்ட மேற்கோள் வரும் பக்கங்களில்தான் எனக்கு வேலை அதிகம். அண்மையில் வந்த ஓர் ஏட்டில் உரையாசிரியர் ஒருவரின் விளக்கம் அரைப்பக்கம் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் ஓடியது. அவர் எடுத்துக்காட்டிய தொல்காப்பிய நூற்பாவும் அதே குறிகளுக்குள் இருந்ததால், நூற்பா எது, உரை எது, மாணவியின் சொந்த வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்பது விளங்கவில்லை. அப்பகுதியைத் தனிப்பத்தியாக்கி, இடப்பக்கம் அரை அங்குலம் உள்தள்ளி, வெளிக்குறிகளை நீக்கி, நூற்பாவுக்கு மட்டும் குறிகளைத் தக்கவைத்தோம். பிறர் கூற்று என்பதை உள்தள்ளலே காட்டிவிடுவதால் வெளிக்குறி அங்கே மிகை.

எவ்வளவு நீண்டால் தனிப்பத்தி என்பதில், ஆய்வேடுகளில் பின்பற்றப்படும் மேற்கோள் நடைமுறைகளான ஏ.பி.ஏ. (APA) முறை 40 சொற்களையும், எம்.எல்.ஏ. (MLA) முறை உரைநடைக்கு நான்கு வரிகளுக்கு மேல் என்பதையும் அளவாகக் கொள்கின்றன. தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சேர்ந்து ஒரே சொல்லாக நிற்பதால், 40 சொல்லை எட்டுமுன்பே மேற்கோள் ஐந்து வரிகளைத் தாண்டிவிடுகிறது. ஆகவே தமிழ் ஏடுகளுக்கு வரிக்கணக்கே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

முனைவர் பட்ட ஆய்வு மாணவி:
செய்யுளுக்கு எம்.எல்.ஏ. வரம்பு மூன்று அடிகள். குறுந்தொகைப் பாடல்கள் குறைந்தது நான்கு அடிகள் உடையவை என்பதால், ஒரு பாடலை முழுமையாக எடுத்தாண்டாலே தனிப்பத்தி கட்டாயமாகிறது. குறளை மட்டும் இரண்டு அடிகளுக்கும் இடையே சாய்கோடிட்டு வாக்கியத்துக்குள்ளேயே தரலாம். அடிகளை மூலத்தில் உள்ளபடியே முறிக்க வேண்டும். சந்தி பிரித்துத் தந்தால் அதைக் குறிப்பில் சொல்ல வேண்டும். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் பாடல் எண்ணையும் அடி எண்ணையும் தருவதே வாசகருக்கு உதவும்.

மூத்த ஆய்வாளர் ஒருவரின் பொது வாய்மொழித் தேர்வில், “பாடலை முழுவதும் தந்திருக்கிறீர்களே, இதில் எந்த அடி உங்கள் கருத்துக்குச் சான்று?” என்று புறத்தேர்வாளர் ஐயா கேட்டார். பதினான்கு அடிகளுக்குப் பின் ஏட்டில் இருந்தது, “என்ற பாடலால் அறியலாம்” என்னும் ஒற்றை வரிதான். அன்று முதல், மேற்கோள் எத்தனை அடியோ அதற்குக் குறையாத விளக்கத்தை நான் எழுதி வருகிறேன்.

கல்லூரி ஆசிரியர்:
அந்த “என்ற” பற்றி என் மாணவர்களிடமும் வலியுறுத்துவேன். நம் வாக்கியத்தில் கூறியவர் பெயரும் “என்கிறார்” என்பதும் கடைசியில் வரலாம். பத்து வரி மேற்கோளில் அப்படி வந்தால், யாருடைய கூற்று என்று அறியாமலேயே வாசகர் அதைப் படித்து முடிக்க நேர்கிறது. “பின்வருமாறு கூறுகிறார்:” என்று முன்னரே அறிமுகப்படுத்திவிட வேண்டும். தனிப்பத்தியில் முற்றுப்புள்ளிக்குப் பிறகே அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் வரும். வாக்கியத்துக்குள் வரும் சிறு மேற்கோளில் அடைப்புக்குறிக்குப் பின்னர்தான் முற்றுப்புள்ளி.

அடிக்குறிப்பு முறையில் எழுதுவோர், முந்தைய குறிப்பில் உள்ள அதே நூல் என்று பொருள்படும் “மேலது” என்பதை இறுதிப்படி வரை தவிர்ப்பது நல்லது. திருத்தத்தின்போது ஒரு பத்தி இடம் மாறினாலும் அது வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும்.