சறுக்கி வளைவது விரைவா, பிடித்து வளைவது விரைவா?

கேள்வி: செம்பனைக்காட்டான், குளுவாங்

வணக்கம். வளைவில் காரின் பின்பகுதியைச் சறுக்கவிட்டு டிரிஃப்ட் செய்வது, டயர் நழுவாமல் வளைப்பதைவிட விரைவானது என்று எங்கள் தோட்டத்து நண்பர் ஒருவர் உறுதியாகக் கூறுகிறார். தார்ச்சாலையில் அதை நான் நம்பவில்லை. ஆனால் செம்மண் பாதையில் அப்பாவின் பழைய வேன் வால் திரும்பி, வளைவை எளிதாகக் கடந்ததை நானே உணர்ந்திருக்கிறேன். எது சரி?

மறுமொழி: பட்டறைக்காரர்

தம்பி, தார்ச்சாலையில் உங்கள் ஐயம் சரியானதே. டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சிறு கோணம் இருந்தால்தான் பக்கவாட்டுப் பிடி உருவாகும். சாதாரண டயரில் அக்கோணம் ஏறத்தாழ 6 முதல் 10 பாகையை எட்டும்போது பிடி உச்சத்தில் இருக்கும், அதைத் தாண்டினால் குறையத் தொடங்கும். டிரிஃப்டில் பின்சக்கரங்கள் அந்த எல்லைக்கு வெகுதூரம் அப்பால் சுழல்கின்றன. 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில், காரின் எடையில் 0.9 பங்கு பிடி கிடைப்பதாக வைத்துக்கொண்டால் மணிக்குச் சுமார் 53 கிலோமீட்டரில் வளையலாம், அது 0.7 பங்காகக் குறைந்தால் 47 கிலோமீட்டர்தான். அதைவிடப் பெரிய இழப்பு வளைவு முடியும் இடத்தில் நேர்கிறது: எஞ்சினின் ஆற்றல் டயரைத் தேய்த்துப் புகையாக்குவதில் செலவாகிவிடுவதால், அடுத்து வரும் நேர்ச்சாலை முழுவதும் நீங்கள் பின்தங்கியே இருப்பீர்கள். டிரிஃப்ட் போட்டியில் நடுவர்கள் கோணத்துக்கும் பாதைக்கும் ஓட்டும் நயத்துக்கும் மதிப்பெண் தருகிறார்கள். கடிகாரம் அங்கே வெற்றியைத் தீர்மானிப்பதில்லை.

மறுமொழி: ரேலி ரசிகன், கோத்தா திங்கி

ஐயா சொன்னது தாருக்குப் பொருந்தும். செம்மண்ணின் கணக்கு வேறு. தளர்ந்த மண்ணில் பக்கவாட்டில் நகரும் டயர், மேல்மண்ணைக் கிளறி அடியிலுள்ள கெட்டித் தளத்தைத் தேடுவதோடு, தனக்கு முன்னால் குவியும் மண்ணையும் தள்ளிப் பிடி பெறுகிறது. அதனால் அங்கே பெரிய கோணத்திலும் பிடி குன்றுவதில்லை. வளைவு தொடங்கும் முன்பே காரின் மூக்கைத் திருப்பிவிட்டால், ஓட்டுநர் முன்கூட்டியே எண்ணெய் மிதிக்கவும் (ஆக்சிலரேட்டரை அழுத்தவும்) முடியும். 2002-இல் உலக ரேலி கார்ப் பந்தயத்தின் தயாரிப்புக் கார் பிரிவில் புரோட்டோன் பெர்ட் காரில் வாகை சூடிய நம் மலேசியாவின் கரம்ஜிட் சிங் போன்றோரின் திறமையில் பெரும்பகுதி இதுதான். ஜொகூர் செம்பனைத் தோட்டப் பாதைகளில் ரேலிக் கார்கள் புழுதி கிளப்பிச் சறுக்கிச் சென்றதை நேரில் கண்டவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இருப்பினும், உங்கள் வேன் விரைவாகத் திரும்பியது என்பதற்காக வளைவை விரைவாகக் கடந்தது என்று பொருளில்லை. வால் சுழலும்போது உடல் உணரும் வேகம் வேறு, கடிகாரம் காட்டும் வேகம் வேறு.

மறுமொழி: பட்டறைக்காரர்

அதை ஏற்கிறேன். இன்னொன்றையும் உங்கள் நண்பரிடம் கேளுங்கள்: அவர் ஓட்டுவது மைவி கார் என்றால், அதில் எஞ்சின் இழுப்பது முன்சக்கரங்களை. கைபிரேக்கை இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வால் திரும்புமே தவிர, எண்ணெய் மிதித்து அந்தச் சறுக்கலை நீட்டிக்க இயலாது. தார்ச்சாலை ரேலியிலும் கைபிரேக்கை இழுப்பார்கள்; ஆனால் அது ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினாலும் கார் அடங்காத கொண்டையூசி வளைவுகளில் மட்டும்தான்.