95 டிகிரி பார்த்துப் பதறிய கதைகள்

பழைய மதர்போர்டு:
ஏஎம்டி ப்ராசஸரின் சூட்டைப் பார்த்துப் பதறி, அப்புறம் அசடு வழிந்த கதை இங்கே ஆளுக்கு ஒன்றாவது இருக்கும். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2017இல் வந்த த்ரெட்ரிப்பர் 1950எக்ஸ். 16 கோர் (கணக்குப் போடும் மூளைகள்), 180 வாட். எல்லாம் பூட்டி முதல் ரெண்டர் வேலையை (காட்சிகளைக் கணக்கிட்டுப் படமாக்குவது) ஓட்டினால், சூடு காட்டும் மென்பொருளில் 92 டிகிரி. சூடு கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்து மறுபடி பூசினேன், 91. கூலரையே மாற்றினேன், 89. இப்படியே இரண்டு வாரம். ஒருநாள் காலை, இரவு முழுக்க அணைந்து கிடந்த மெஷினைப் போட்டு நேராக பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போனேன். 58 என்றது. ஆறிக் கிடந்த மெஷின் பொத்தானை அமுக்கிய கையோடு 58க்கு எப்படி ஏறும்? ரேடியேட்டரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அந்த மாடல் வெளியே சொல்லும் எண்ணில் 27 டிகிரியைக் கூட்டியே சொல்லுமாம். டிசிடிஎல் என்று அதற்குப் பெயர். மாடல் எதுவானாலும் ஃபேன் ஒரே கணக்கில் சுற்றட்டும் என்று செய்த ஏற்பாடு. ரைசன் 1800எக்ஸில் 20 டிகிரி, 2700எக்ஸில் 10. ஏஎம்டியின் சொந்த மென்பொருளான ரைசன் மாஸ்டர் அதைக் கழித்துக் காட்டும், நான் வைத்திருந்த பழைய மென்பொருள் கழிக்காது. ஆக என் 92 வெறும் 65. பேஸ்ட் மூன்று ட்யூப் போனதுதான் மிச்சம்.

ராத்திரி ரெண்டர்:
எனக்கு நேர் எதிர். 95 என்று காட்டியது, நிஜமாகவே 95தான். ரைசன் 7950எக்ஸ். 240 மில்லிமீட்டர் ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு 360 போட்டேன். அப்போதும் 95. கடுப்பாகிவிட்டது.

விஷயம் என்னவென்றால், 2022இல் வந்த அந்தத் தலைமுறையை 95இல் ஓடுவதற்கென்றே செய்திருக்கிறார்கள். எல்லா கோரும் மும்முரமாக ஓடும்போது, 95 டிகிரியையோ 230 வாட்டையோ தொடும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கூலரைப் பெரிதாக்கினால் அந்த இடத்தையும் வேகமாக்கித் தின்றுவிடும். எனக்குக் கூடியது 100 மெகாஹெர்ட்ஸ் சொச்சம், அவ்வளவே. சூடு வெளியேறும் வழியும் குறுகல்: கோர்கள் இருக்கும் சில்லு ஒவ்வொன்றும் 70 சதுர மில்லிமீட்டர் போலத்தான். மேல் மூடியோ, முந்தைய சாக்கெட்டான ஏஎம்4இன் கூலர்கள் பொருந்த வேண்டுமே என்று தடிமனாக வைத்தது.

கடைசியில் பயாஸில், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஈகோ மோடை 105 வாட்டில் வைத்தேன். பெயர்தான் 105, 142 வரை எடுக்கும். வேகம் அளக்கும் சினிபெஞ்ச் மதிப்பெண் 5 சதவீதம் போலக் குறைந்தது, சூடு 70 பக்கம் இறங்கியது. ரெண்டர் விடிய விடிய ஓடினாலும் அதே அறையில் தூங்க முடிகிறது. 65 வாட் மோடையும் ஓட்டிப் பார்த்தேன். அதில் ரெண்டர் நேரம் நன்றாகவே நீண்டது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

புதுக்கை:
என் கதை சின்னது. கூலரின் செம்புத் தகட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிட்டேன். ஐந்து மாதம். ‘மாட்டும் முன் உரிக்கவும்’ என்று அதிலேயே எழுதியிருந்தது.

ஃப்ரேம் கணக்கு:
சூட்டை விடுங்கள், டிரைவர் கதைக்கு வருகிறேன். ப்ராசஸருக்கு எதற்கு டிரைவர் என்று கேட்டுக்கொண்டிருந்த ஆள் நான்.

ரைசன் 7700எக்ஸை எடுத்துவிட்டு அதே போர்டில் 7950எக்ஸ்3டி போட்டேன். விண்டோஸை மறுபடி நிறுவவில்லை, சோம்பல். பழைய ப்ராசஸரில் வழுக்கிக்கொண்டு ஓடிய கேம் இதில் விட்டு விட்டு இழுத்தது. இந்தச் சில்லின் அமைப்பே அப்படி: 8 கோர் கொண்ட இரண்டு துண்டுகள், அதில் ஒன்றின் மேல் மட்டும் கூடுதல் கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) அடுக்கியிருக்கும். கேம் அந்தத் துண்டில்தான் ஓட வேண்டும், மற்றதைத் தூங்கவைக்க வேண்டும். தூங்கவைப்பது, மதர்போர்டுக்கான சிப்செட் டிரைவரோடு வந்து பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ். ஓடுவது கேம் என்று அதற்குச் சொல்வது விண்டோஸில் உள்ள எக்ஸ்பாக்ஸ் கேம் பார்.

ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேமை ஓட்டினேன். கோருக்கு இரண்டாக 0 முதல் 31 வரை 32 கட்டங்கள்; அதில் 16 முதல் 31 வரையுள்ளவற்றில் ‘பார்க்டு’ (தூங்குகிறது) என்று வர வேண்டும். ஒன்றில்கூட இல்லை, 32ம் குதித்துக்கொண்டிருந்தன. என் சிப்செட் டிரைவர் பழைய ப்ராசஸர் இருந்தபோது போட்டது. அந்த சர்வீஸே என் மெஷினில் இல்லை. டிரைவரை முழுக்க நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, புதிதாகப் போட்டு, கேம் பாரையும் அப்டேட் செய்தேன். மறுபடி கேமைத் திறந்தால் அந்த 16 கட்டமும் வரிசையாகப் படுத்துவிட்டன. பார்க்க அவ்வளவு திருப்தி! 7800எக்ஸ்3டி மாதிரி ஒரே துண்டு உள்ளவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. கேம் மட்டும்தான் என்றால் அதையே வாங்குங்கள்.

கருப்புத் திரை:
டிரைவர் போல பயாஸ் அப்டேட்டும் ஒரு சோதனைதான். 7950எக்ஸ் மாதிரி ப்ராசஸர்கள் மாட்டும் ஏஎம்5 போர்டில் அப்டேட் முடிந்து மெஷின் எழுந்தது, திரை கருப்பு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஃபேன் மட்டும் சுற்றுகிறது. கை பவர் பொத்தானுக்குப் போய்ப் போய் வந்தது. நல்ல வேளை, அமுக்கவில்லை. டிடிஆர்5 நினைவகத்தை அது முதலிலிருந்து பழக்கிக்கொள்கிறது. நான்கு ஸ்டிக் போட்டிருந்தால் இன்னும் நேரம் பிடிக்கும். திரை வந்த பிறகு இன்னொன்று: எக்ஸ்போ (நினைவக வேகம்), கர்வ் ஆப்டிமைசர் (வோல்டேஜ்), ஈகோ மோட் எல்லாம் பழையபடி டீஃபால்ட். ராத்திரி ரெண்டர், அடுத்த அப்டேட் போட்டால் உங்கள் 105 வாட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ராத்திரி ரெண்டர்:
இப்போதே பார்த்தேன். இருக்கிறது.

பாதி கோர்:
பழைய மதர்போர்டு, நானும் 1950எக்ஸ்தான். ரைசன் மாஸ்டரில் கேம் மோட் என்று ஒன்று உண்டே, அதைப் போட்டால் பாதி கோர் அணைந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாடுவதற்காகப் போட்டேன், எடுக்க மறந்தேன். மூன்று வாரம் ரெண்டர் ஏன் ஆமையாக நகர்கிறது என்று மென்பொருளைத் திட்டினேன். சூடு மட்டும் அருமையாக இருந்தது.

பழைய மதர்போர்டு:
அந்த மெஷினைப் போன வருஷம் அக்கா பையனுக்குக் கொடுத்தேன். உங்கள் பதிவைப் படித்ததும் போன் போட்டு டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். கோருக்கு இரண்டாக 32 இருக்க வேண்டிய இடத்தில் 16. “ஏன் மாமா, சூடே ஏறலையேன்னு சந்தோஷமா இருந்தேன்” என்கிறான்.