புதுப்பிப்பு: இருமுகத் துகளும் தேங்காய் எண்ணெய்ப் பால்மமும்

வெறும் சிலிக்காத் துகளால் நிலைநிறுத்திய தேங்காய் எண்ணெய்ப் பால்மம் (எண்ணெயும் நீரும் துளிகளாகக் கலந்த கலவை) ஏன் பிரிகிறது, இருமுகத் துகள் (ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் எண்ணெயையும் நாடும் துகள்) உதவுமா என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். அந்த இருமுகத் துகளைச் செய்யும் முறை இப்போது தெளிவாகிவிட்டது.

உருக்கிய பாரஃபின் மெழுகை 75 டிகிரி நீரில் சிலிக்காவுடன் கலக்கினால், துகள்கள் மெழுகுத் துளிகளின் மேல் ஒட்டும். ஆறியதும் பாதி புதைந்து உறையும். வெறும் சிலிக்கா நீரையே அதிகம் நாடும் என்பதால் சிறிதளவு சிடேப் (CTAB என்ற சோப்பு போன்ற பரப்புச்செயலி) சேர்க்க வேண்டும். அது கூடினால் துகள் ஆழமாகப் புதையும், வெளிமுகம் சிறுக்கும். வடிகட்டி மெத்தனாலில் நன்றாகக் கழுவுங்கள். சிடேப் மிஞ்சினால் சிலேன் (சிலிக்காப் பரப்பில் பிணையும் சிலிக்கான் சேர்மம்) பிடிக்காது. பிறகு வெளிமுகத்தில் அமினோ சிலேன் ஏற்றி, மெழுகைக் குளோரோஃபார்மில் கரைத்தெடுத்து, அமின் பக்கத்தில் எண்ணெயை நாடும் கொழுப்புச் சங்கிலியைப் பிணைக்கலாம். அதற்கு முன் ஒளிரும் சாயம் ஏற்றிய ஒரு மைக்ரான் துகளை நுண்ணோக்கியில் பாருங்கள்: பிறைபோல ஒரு பக்கம் மட்டும் மின்ன வேண்டும். முழுவட்டமாக மின்னினால் மெழுகிலிருந்து கழன்ற துகள் கலந்திருக்கிறது.

இதன் பலன் பெரிது. சீரான துகளைவிட மூன்று மடங்குவரை வலுவாக எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடைமுகத்தில் பிடிக்கும் என்று ஆய்வாளர்கள் பிங்க்ஸும் ஃபிளெட்சரும் 2001-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

நாகர்கோவில் பக்கம் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக்காற்றில் திறந்த சிலேன் தனக்குள்ளேயே பிணைந்து கெடும். ஏசியை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள்: எண்ணெய் உறைந்து, படிகங்கள் துகள் படலத்தைக் குத்திக் கிழிக்கும்.